கொறங்காட்டுக்கு ஓய்வு வேறு, பூட்டு வேறு

"ஆடு மாட்டை வெளியே ஓட்டி வேலி போடுங்க, காடு தானா வந்துடும்" என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் காடுகளான கொறங்காடுகளுக்கு இது பாதிதான் பொருந்தும்.

கொறங்காடு தரிசு நிலமல்ல. சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேலம். மேய்ச்சலோடு சேர்ந்தே உருவான காடு அது.

படலை (வேலிக் கதவை) அடைத்த முதல் மழைக்குப் பார்க்க அமர்க்களமாக இருக்கும். புல் முழங்கால் உயரம் வந்து கதிர் தள்ளும். முகநூலுக்கு வரும் படங்கள் அந்த வருடத்தவைதான். நாலைந்து வருடம் கழித்து அதே புல் குத்தைக் கையால் விலக்கிப் பாருங்கள். பழைய தாள் சாம்பல் நிறத்தில் மக்காமல் நிற்கும். வெயில் தூருக்கு இறங்காது. புதுத் தூர் ஓரத்தில் மட்டும் வளையமாக வெடிக்கும், நடு செத்துப் பொக்கையாகிவிடும். தரையோடு படரும் நரிப்பயறும் செப்புநெருஞ்சியும் அந்த நிழலில் ஒடுங்கிப்போகும். பங்குனியில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் மொத்தமும் போச்சு.

மேய்ந்து மேய்ந்து மொட்டையான காடு என்றால் கதை வேறு. அங்கே கொழுக்கட்டைப்புல்லின் விதையே மண்ணில் மிச்சமிருக்காது. வேலி போட்டால் மாடு ஒதுக்கிவிட்ட கொழிஞ்சியும் ஆவாரையும்தான் செழிக்கும். விதை தூவித்தான் ஆகவேண்டும்: ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை கிலோ. அறுத்த கையோடு தூவினால் முளைக்காது, விதை உறக்கத்தில் இருக்கும். ஆறேழு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பஞ்சுபோல் பறப்பதால் ஈரமணலில் பிசறித் தூவி, மேலாக முள்ளை இழுத்தால் போதும். ஆழ உழுது மூடினால் வீண்.

சீமைக்கருவேலத்தைப் பரப்புவது காயைத் தின்னும் ஆடும் மாடும்தான், மறுக்கவில்லை. ஆனால் வேரூன்றிவிட்டதை வேலி தடுக்காது. கன்றாக இருக்கையிலேயே மழை ஈரத்தில் பிடுங்க வேண்டும். வளர்ந்ததைத் தரைமட்டத்தில் வெட்டினால் நாலாகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். இன்னொன்று, வெள்வேலத்தின் விதையும் ஆட்டுப் புழுக்கை வழியாகத்தான் தூரம் போகிறது. ஆட்டை விரட்டினால் இருக்கிற கன்றுகள் கடிபடாமல் தப்பும், புது இடத்துக்கு விதை போகாது.

ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயம் வறண்ட காடல்ல, சதுப்பு. இருந்தாலும் அங்கே 1982-ல் எருமை மேய்ச்சலைத் தடை செய்ததும் நீர்ப்புல் மண்டிப் பறவைகளுக்கான திறந்த நீரை அடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வே எருமை அங்கே தேவை என்ற முடிவுக்கு வந்தது.

பழைய முறையே போதும் என்பது என் கருத்து. காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, மழை தொடங்கியதும் ஒரு துண்டை அடைத்து, விதை உதிர்ந்தபின் திறப்பது. முதலில் மாடு, பிறகு செம்மறி. செம்மறி அடிவரை கறம்பும் என்பதால் நாலு விரக்கடை தாள் நிற்கும்போதே அடுத்த துண்டுக்கு ஓட்டிவிட வேண்டும்.

அடைத்துத்தான் பார்ப்பேன் என்பவர்கள் மொத்தக் காட்டையும் அடைக்காதீர்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் வேலி போட்டு, பக்கத்திலேயே அதே அளவு திறந்தவெளியைக் கல் நட்டுக் குறியுங்கள். தை மாதம் இரண்டிலும் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து எந்தச் செடி எத்தனை என்று எண்ணி, மூன்று மழைக்காலமாவது எழுதி வையுங்கள். வெளிக்கட்டம் இல்லையென்றால் நல்ல மழை செய்த வேலையெல்லாம் வேலியின் கணக்கில் ஏறிவிடும்.