மார்க் போட்ட இடத்துல ஓட்டை போடுங்கய்யா!

40 நிமிஷம். வெறும் 40 நிமிஷம்தான் நான் வீட்ல இல்ல. அதுவும் ஊர் சுத்தப் போகல. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் மாட்ட ட்ரில் மிஷின எடுத்துட்டு வந்த ஆளு, ஸ்குரூ நிக்கறதுக்கு சுவத்து ஓட்டைக்குள்ள சொருகற ப்ளக் எடுத்துட்டு வரல, "சார், எட்டு எம்எம் ப்ளக் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்க, நான் அதுக்குள்ள பிராக்கெட் எல்லாம் பிரிச்சு வெக்கிறேன்"னு அவரே சொன்னாரு, நானும் நம்பி வண்டிய எடுத்துட்டுப் போயி ரெண்டு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வந்து கதவத் தொறந்தா, ரெண்டு சரவுண்டு ஸ்பீக்கரும் சுவத்துல ஏறி உக்காந்திருக்கு. ப்ளக் பாக்கெட் என் கையில இருக்கு. ஸ்பீக்கர் சுவத்துல இருக்கு. அப்ப உள்ள என்ன போட்டு முடுக்கினாரு? அதுக்கு வரேன், இருங்க.

முதல்ல எங்க ஏறியிருக்குன்னு பாருங்க. நான் மூணு நாளா டேப் வெச்சு அளந்து, பென்சில்ல கூட்டல் குறி போட்டு, பென்சில் தெரியலன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு அதச் சுத்தி பச்சை டேப் ஒட்டி, டேப் மேல மார்க்கர்ல "சரவுண்டு லெஃப்ட், 5 அடி", "சரவுண்டு ரைட், 5 அடி"ன்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருந்தேன். அந்த ரெண்டு இடமும் அப்படியே இருக்கு, டேப்கூட கசங்கல. லெஃப்ட் ஸ்பீக்கர் பின்பக்க மூலையில, ஃபால்ஸ் சீலிங்குக்கு அரை அடி கீழ ஒட்டடை மாதிரி தொங்குது. ரைட் ஸ்பீக்கர் ஏசிக்குப் பக்கத்துல. ஏசி எங்க இருக்கு? சோபாவுக்கு முன்னாடி 2 அடி தள்ளி. பின்னாடி இருந்து சத்தம் வரணும்னு வாங்கின ஸ்பீக்கர் எனக்கு முன்னாடி நிக்குது.

"அண்ணே, டேப் ஒட்டியிருந்தேனே, பாக்கலியா?"

"பாத்தேன் சார். அது ரொம்பக் கீழ இருக்கு சார். மேல இருந்தாதான சார் சவுண்டு கீழ இறங்கும்."

சவுண்டு என்ன ஓவர்ஹெட் டேங்க் தண்ணியா, பைப் புடிச்சு கீழ இறங்கறதுக்கு?

"சரி, ரைட்ட ஏன் அங்க வெச்சீங்க?"

"ஏசிக்கு லெவலா இருந்தா லுக்கா இருக்கும் சார்."

லுக்கா இருக்குமாம். எனக்கு அந்த நிமிஷம் வயித்துல இருந்து ஒரு சூடு ஏறுச்சு பாருங்க, இன்னும் இறங்கல. இந்த ஒரு வார்த்தையாலதான் ஊர்ல பாதி ஹோம் தியேட்டர் நாசமாப் போச்சு. எத்தன வீட்ல பாத்திருக்கேன், அஞ்சு ஸ்பீக்கரையும் டிவி யூனிட் மேல கொலு வெச்ச மாதிரி வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்க, கேட்டா சரவுண்டு சவுண்டுன்னு சொல்லுவாங்க. காதால கேக்கறதுக்கு வாங்கின சாமான எல்லாரும் கண்ண வெச்சுதான் மாட்டுறாங்க.

என் ரூமு அகலம் 11 அடி, நீளம் 14 அடி. சோபாவ பின் சுவத்துல ஒட்டாம, தலை சுவத்துல இருந்து மூணரை அடி முன்னாடி வர்ற மாதிரி இழுத்துப் போட்டிருக்கேன், அதுக்கே வீட்ல ஒரு வாரம் சண்டை. 5.1ல, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் அடிச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் இருக்கற செட்ல, சரவுண்டு எங்க வரணும்? நேரா டிவியப் பாத்து உக்காந்தா அது 0 டிகிரி, காதுக்கு நேர் பக்கவாட்டு 90 டிகிரி, சரவுண்டு அதுக்கும் கொஞ்சம் பின்னாடி, 110ல இருந்து 120 டிகிரிக்குள்ள. என் ரூமுக்குக் கணக்குப் போட்டா பக்கச் சுவத்துல காதுல இருந்து சரியா 2 அடி பின்னாடி. உக்காந்தா காது மூணரை அடி உயரம், பக்கத்துல உக்காந்திருக்கற ஆள் தலை மறைக்காம இருக்க ஒன்றரை அடி ஏத்தி 5 அடி. அதான் அந்த மார்க். நான் ஒண்ணும் கண்ண மூடிட்டு கோடு கிழிக்கல. இப்ப ரைட் ஸ்பீக்கர் 70 டிகிரில நிக்குது, லெஃப்ட் அண்ணாந்து பாத்தாத்தான் தெரியுது.

இதச் சொன்னா அடுத்த பதில் வருது, "அட்மாஸ் போட்ட வீட்ல எல்லாம் நான் சீலிங்லதான் சார் மாட்டியிருக்கேன்." அண்ணே, அட்மாஸ்ங்கறது தலைக்கு மேல இருந்தும் சத்தம் வர்ற டால்பி முறை, 2012ல தியேட்டருக்கு வந்துச்சு, 2014ல வீட்டுக்கு வந்துச்சு, அதுல தலைக்கு மேல வர்ற ஸ்பீக்கர் தனி, சுத்தி வர்ற ஸ்பீக்கர் தனி. சுத்தி இருக்கறது கீழ காது மட்டத்துல இருந்தாதான் மேல பறக்கறது மேல பறக்கற மாதிரி கேக்கும். எல்லாத்தையும் மேல ஏத்திட்டா எதுக்கு எது மேல? தியேட்டர்ல பக்கச் சுவத்துல மேல வரிசையா மாட்டியிருக்காங்கன்னா அங்க நூத்துக்கணக்குல ஆளு உக்காந்திருக்காங்க, சுவத்து ஓரமா இருக்கறவன் காதும் கிழியக்கூடாது, நடுவுல இருக்கறவனுக்கும் கேக்கணும். எங்க வீட்ல இருக்கறது ஒரே ஒரு சோபா.

"அதெல்லாம் ஆட்டோ செட்டிங்ல சரி பண்ணிக்கும் சார், மைக் வெச்சா அதுவே பாத்துக்கும்."

இந்த மைக் கதைய என்கிட்ட சொல்லாதீங்க. ரிசீவர்னு எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தப் பிரிச்சு அனுப்பற பெட்டியோட வர்றதுதான் அந்த மைக், அது ஸ்பீக்கரோட தூரத்த அளக்கும், சத்தத்த அளக்கும். பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர ஒரு அடிக்கு கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்டுன்னு லேட் பண்ணி வுடும், சத்தம் கம்மியா இருந்தா ஏத்தி வுடும், ரூமுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் ஈக்வலைஸர் போடும். அவ்ளோதான். முன்னாடி மாட்டின ஸ்பீக்கர பின்னாடி கொண்டுபோய் வெக்காது. திசை திசைதான்யா, அத எந்த ரிசீவரும் மாத்தாது.

சரி, வயருக்கு வருவோம். இதுதான் என்னால தாங்கவே முடியல. வீடு வேல நடக்கும்போதே சுவர வெட்டி முக்கால் இஞ்ச் பைப் புதைச்சு, கரண்டு வயர் போற பைப்போட சேராம தனியா கொண்டுபோயி, ரிச்சி ஸ்ட்ரீட்ல மீட்டர் கணக்குல 14 கேஜ் காப்பர் வயர் வாங்கி, அந்த மார்க் இருக்கற இடத்துக்குக் கீழயே நுனிய வெளிய நீட்டி வெச்சிருந்தேன். வயர் சுவத்துல இருந்து ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்குது. இங்கதான் ஸ்பீக்கர் வரணும்னு சுவரே சொல்லுது. அந்த வயர் நுனியப் புடிச்சு, தன் பையில இருந்த மெல்லிசான பெல் வயர முறுக்கி, கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி, நான் புதுசா பெயின்ட் அடிச்ச சுவத்து மேல கொடிக்கம்பி மாதிரி கோணல்மாணலா கிளிப் அடிச்சு சீலிங் வரைக்கும் கொண்டுபோயிருக்காரு. பக்கத்துல மார்க் இருக்கு, வயர் இருக்கு, அங்க ஒரு ஓட்டை போட்டா வேல முடிஞ்சுது. அத வுட்டுட்டு ஏணி போட்டு ஏறி இவ்ளோ பாடுபட்டிருக்காரு. தப்பாச் செய்யறதுக்கு சரியாச் செய்யறதவிட ரெண்டு மடங்கு உழைச்சிருக்காரு!

அந்த ஜாயின்ட்ட அவரு போனப்புறம் பிரிச்சுப் பாத்தேன். என் வயர்ல சிகப்புக் கோடு போட்டது ப்ளஸ். அவரு பெல் வயர்ல ரெண்டும் ஒரே கலர், எது எதோட சேரணும்னு எந்தக் கவலையும் இல்லாம முறுக்கியிருக்காரு. ரிசீவர்ல ஃபேஸ் தப்புன்னு, அதாவது ப்ளஸ் மைனஸ் மாறியிருக்குன்னு, ஸ்கிரீன்லயே வந்துச்சு, என் கண்ணு முன்னாடி ஸ்கிப் அழுத்தினாரு. அப்புறம் நான் வயர ரிசீவர்ல இருந்து கழட்டிட்டு, சுவர் கடிகாரத்துல இருந்த ஒன்றரை வோல்ட் பேட்டரிய எடுத்து ப்ளஸ்ஸ ப்ளஸ்ல தொட்டுப் பாத்தேன். லெஃப்ட் ஸ்பீக்கர் கோன் 'டப்'புன்னு வெளிய வருது, ரைட்டுது உள்ள போகுது. ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. அதான் அன்னிக்கு மழை சீன் ஒண்ணு போட்டுப் பாத்தப்ப, ரூமச் சுத்தி பெய்ய வேண்டிய மழை ஏசியில இருந்து ஒழுகற மாதிரி கேட்டுச்சு, அடித்தொண்டை சத்தமே இல்ல, இடி இடிச்சா டப்பா உருளுது.

இப்ப ப்ளக் கதை. மறுநாள் காலையில ரைட் ஸ்பீக்கர் லேசா தலை குனிஞ்சிருந்துச்சு. ஏணி போட்டு ஏறி ஒரு ஸ்குரூவக் கழட்டினா, ஓட்டையில இருந்து தீக்குச்சி வருது. ஒண்ணு இல்ல, நாலு. மருந்துத் தலையோட ஒரு குச்சி, மத்ததெல்லாம் ஒடிச்சுது, கூட கொஞ்சம் பேப்பர். ஓட்டை பெருசாப் போயிடுச்சு, ப்ளக் இல்ல, தீக்குச்சிய சொருகி ஸ்குரூவ முடுக்கிட்டாரு. மூணரை கிலோ ஸ்பீக்கர். அதுக்கு நேர் கீழ இருக்கற சேர்லதான் எங்கம்மா சாயங்காலம் உக்காந்து சீரியல் பாப்பாங்க. ப்ளக் வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினது நீங்கதான? நான் வர்றவரைக்கும் ஒரு டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கக்கூடாதா? அந்தக் குச்சிங்கள ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்கேன். போன் பண்ணிக் கேட்டா, "ஓ, அது நிக்கும் சார், பயப்படாதீங்க"ங்கறாரு.

அஞ்சு வருஷம் சீட்டு கட்டி எடுத்த காசுங்க. காரு வாங்கல, டூர் போகல, படம் பாக்கணும், நல்லாக் கேக்கணும்னு ஒரே ஒரு ஆசை. அதுக்கு வர்றவன் போறவன் எல்லாம் எடம் சொல்றான். இன்டீரியர் பண்ணவரு ஸ்பீக்கர கப்போர்டுக்குள்ள மறைச்சிடலாம்னாரு. மாமா ஒருத்தர் சப்வூஃபர ஈசானிய மூலையில வெக்காத, அங்க வெயிட்டு ஆகாதுன்னு தூக்கி பீரோ பக்கத்துல வெச்சிட்டுப் போயிட்டாரு. உக்காந்து கேக்கப்போறது நான், எங்க வெச்சா எனக்குக் கேக்குதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?

இப்ப சுவத்துல தேவையில்லாத எட்டு ஓட்டை. பட்டி வெச்சு மறுபடி அந்தச் சுவர் முழுக்க பெயின்ட் அடிக்கணும், டச்சப் பண்ணா திட்டுத் திட்டாத் தெரியும். சரியான இடத்துல நானே ஓட்டை போட்டுக்கறேன், மிஷின் வாடகைக்கு எடுத்துக்கறேன்னு பாத்தா, எங்க அபார்ட்மென்ட்ல ஞாயித்துக்கெழம ட்ரில் போடக்கூடாதாம், மத்த நாள்ல பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும்தானாம், அதுக்கும் அசோசியேஷனுக்கு லெட்டர் எழுதிக் கையெழுத்து வாங்கணுமாம். நாலு ஓட்டைக்கு நான் ஆபீஸுக்கு லீவு போடணும்.

சரி சட்டம்னா சட்டம், மதிக்கறேன். ஆனா இதே அசோசியேஷன்தான் ரெண்டு மாசமா லிஃப்ட் சரி பண்ணல. ரெண்டு மாசம்! எங்கம்மா முட்டி வலியோட மூணு மாடி ஏறி வராங்க, ஒவ்வொரு மாடியிலயும் கைப்பிடியப் புடிச்சிட்டு நின்னு மூச்சு வாங்குறாங்க. குரூப்ல கேட்டா பதில் இல்ல, காலையில அஞ்சரைக்கு ரோஜாப்பூ படம் போட்டு குட் மார்னிங் மட்டும் கரெக்டா வருது. மெயின்டனன்ஸ் கட்ட ஒரு நாள் லேட்டானா ஃபைனு. அந்த லிஃப்ட் பட்டன் மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்காங்க, "விரைவில் சரி செய்யப்படும்"னு, அந்தப் பேப்பரே மஞ்சளாயிடுச்சுய்யா!