இல்மனைட் போன பிறகு மிஞ்சும் மணல்

இலங்கையின் கிழக்கே திருக்கோவில் கடற்கரையில் மாரி அலை ஓய்ந்த பின் நடந்தால், வெண்மணலின் மேல் மை கொட்டியதுபோலக் கருமணல் படிந்திருக்கும். பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தத்தை அதன்மேல் பிடித்தால் கறுத்தப் பருக்கைகள் மயிர்போல ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கவலை தருவது ஒட்டாமல் மிஞ்சுவதுதான்.

இந்தக் கருமணலில் உள்ள, தைத்தேனியம் என்னும் உலோகத்தைத் தரும் இல்மனைட் கனிமத்தை அகழ்வதை எதிர்த்துத் திருக்கோவிலிலும், அதே கிழக்குக் கரையிலுள்ள வாகரையிலும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். கடலரிப்பு, நன்னீர், கரைவலைத் தொழில் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் அனைத்தும் நியாயமானவை. ஆயினும், நான் போன கூட்டம் எதிலும் மொனசைட் என்ற பெயர் காதில் விழவில்லை.

கனிம மணலோடு கலந்து கிடக்கக்கூடிய மொனசைட் என்பது சீரியம், லந்தனம், நியோடிமியம் போன்ற, அருமண் தனிமங்கள் எனப்படும் உலோகங்களின் பொசுபேற்றுக் கனிமம். அதே பளிங்கினுள் கதிர்வீசும் தோரியமும் சிறிதளவு யுரேனியமும் அருமண் அணுக்களின் இடத்திலேயே குந்தியிருப்பதால், சலித்தோ காந்தத்தால் இழுத்தோ அவற்றை வெளியேற்ற முடியாது. அமிலத்திலோ காரத்திலோ கரைத்தால்தான் பிரியும், பிரிந்தபின் கழிவாக நிற்கும். இந்தியக் கரையோர மொனசைட்டில் தோரியம் ஒட்சைட்டு 8 முதல் 10 வீதமும், யுரேனியம் ஒட்சைட்டு ஏறத்தாழ 0.35 வீதமும் உண்டு. (இலங்கையில் தோரியனைட் என்னும் கனிமம் 1904இல் இனங்காணப்பட்டதில் பங்குகொண்டவர் ஆனந்த குமாரசுவாமி, நாம் அவரைக் கலை அறிஞராக மட்டுமே கொண்டாடுகிறோம்.)

கிடந்த இடத்தில் கிடக்கும் மணலுக்காகப் பீதி கிளப்புவது என் நோக்கமல்ல. இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த கேரளக் கருநாகப்பள்ளியில் நீண்டகாலம் ஆராய்ந்தும் புற்றுநோய் அதிகரிப்பு தென்படவில்லை. இல்மனைட்டை எடுத்துவிட்டு எச்சத்தைக் குவிக்கும்போதுதான் மொனசைட்டின் செறிவு ஏறுகிறது. மலேசியாவின் புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய ஆலை, வெள்ளீய அகழ்வின் எச்சத்திலிருந்த மொனசைட்டைத்தான் பதப்படுத்தியது. ஊர் மக்கள் வழக்காடி, 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொல்லி, மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியும், 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு மட்டும் அங்கேயே இருந்தது. கிறீன்லாந்து 2021இல், பத்து இலட்சத்தில் 100 பங்குக்கு மேல் யுரேனியம் உள்ள தாதுவை அகழக் கூடாதெனச் சட்டமே இயற்றிவிட்டது.

எனவே, குழியை மூடிச் சவுக்கு நடுவதை நிலைபேறான அகழ்வு என்று சொன்னால் என்னால் ஏற்க முடியாது. யுரேனியம் சிதைந்து உருவாகும் கதிர்வீசும் பொருளான ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் செல்லும். எந்த அனுமதிப்பத்திரம் அவ்வளவு காலத்துக்குப் பொறுப்பேற்கும்? எச்ச மணல் எங்கே போகும், யார் காவல் என்பது முதலில் எழுத்தில் வரவேண்டும். அதோடு, கரையோரப் பூவல், கிணறு ஒவ்வொன்றிலும் யுரேனியத்தை இப்போதே அளந்து, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 30 மைக்ரோகிராம் என்ற அளவுக்குப் பக்கத்தில் எழுதி, பிரதேச செயலக வாசலில் ஒட்டவேண்டும்.