அத்தோ வண்டி நிற்கும் இடம்

போன சனிக்கிழமை அக்கா மகளைப் பாரிமுனைக்குக் கூட்டிப் போனேன். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். சென்னைக்கு வந்தால் தி.நகருக்கும் ஏதாவது ஒரு மாலுக்கும் போய்விட்டு ரயில் ஏறிவிடுவாள். "அங்கே என்ன சித்தி இருக்கு?" என்றாள். "பசியோட வா, போதும்" என்றேன்.

முதலில் கொத்தவால் சாவடி. சின்ன வயதில் அப்பாவோடு காய் வாங்கப் போன இடம். கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமான சந்தை. ஒரு காலத்தில் சென்னை முழுக்கச் சாப்பிட்ட காய் அங்கிருந்துதான் போனது. கால் வைத்தால் முட்டைக்கோஸ் இலையும் சேறும் கணுக்கால் வரை ஏறும். 1996-ல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. 295 ஏக்கர் வளாகம், காய்க்கும் பழத்துக்கும் பூவுக்கும் தனித்தனிச் சந்தை. மாற்றியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தெருவுக்குள் ஒரு லாரி திரும்புவதற்குள் விடிந்துவிடும். ஆனால் அப்பா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கும் மூலையில், மண் அடுப்பில் பணியாரம் சுட்டுக் கொடுத்த ஆயா ஒருவர் இருந்தார். சுமை தூக்குகிறவர்கள் நான்கு மணிக்கே அவரைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். சந்தை போன பிறகு அவர் எங்கே போனார் என்று அப்பா ரொம்ப நாள் விசாரித்துக்கொண்டே இருந்தார். யாருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் அங்கே சில்லறைக் காய்க்கடைகள் இருக்கின்றன. அவள் ஒரு கட்டு கறிவேப்பிலையை வாங்கி முகர்ந்துகொண்டே நடந்தாள். அப்புறம் ஒவ்வொரு தெருவாகப் போனோம். துணிக்கு கோடவுன் தெரு, காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, கண்ணாடிக்கு தேவராஜ முதலி தெரு, பூவுக்கு பத்ரியன் தெரு. தெருவுக்கு ஒரு தொழில். மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றால்தான் இந்த ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று புரியும். தங்கசாலைத் தெருவில் முறுக்கு சாண்ட்விச் வாங்கினோம். இரண்டு முறுக்குக்கு நடுவில் தக்காளியும் வெள்ளரியும் சட்னியும். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் அவளைக் கூட்டிப் போனது அதற்காக இல்லை.

இருட்டும்போது செகண்ட் லைன் பீச் ரோட்டுக்கு வந்தோம். அத்தோ வண்டிகள் விளக்கு போட்டிருந்தன. அத்தோ சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரஞ்சு நிறத்தில் தடிமனான நூடுல்ஸ். அதில் நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கொத்தமல்லி எல்லாம் போட்டு, பேஜோ என்கிற, தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் பண்டத்தை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். கரண்டியால் கலந்தால் அந்த ருசி வராது. பர்மிய மொழியில் 'தோக்' என்றால் பிசைந்தது. நம் வாயில் அது அத்தோ ஆகிவிட்டது. கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். பர்மாவில் மீன் போட்டுச் செய்கிற மொகிங்காதான் இங்கே மீன் இல்லாமல் வாழைத்தண்டோடு கொதிக்கிறது. அப்புறம் முட்டை. அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் ஊற்றித் தருவார்கள். அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது.

"இது எப்படி சித்தி இங்கே வந்தது?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடி மாதிரி இடங்களில் குடியேறினார்கள். திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று கிளம்பி, எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு. இங்கே இருந்தவர்கள் பிழைக்க 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. நடைபாதையில் வரிசையாகக் கடைகள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அவர்களுடைய சாப்பாடும் தெருவுக்கு வந்தது. கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்கள் கொண்டுவந்தது இந்தக் கைப்பக்குவம் ஒன்றுதான்.

வண்டிக்கார அக்காவிடம் நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "எங்க மாமியார் ரங்கூன்ல பொறந்தவங்கம்மா. புளி எவ்வளவுன்னு அவங்க கையப் பாத்துக் கத்துக்கிட்டது." அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. "எப்ப எடுக்கச் சொல்லுவாங்களோன்னுதான் தினமும் வண்டி தள்ளிட்டு வர்றோம்."

இப்படி ஒரு பயத்தோடு அவர் நிற்க வேண்டியதே இல்லை. 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. இதையெல்லாம் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இன்னொன்றும் அதன் அட்டவணையில் இருக்கிறது. 50 வருடத்துக்கு மேல் மக்கள் தானாகக் கூடி வியாபாரம் நடக்கிற இடத்தைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களை இடம் மாற்றக் கூடாது. பர்மா பஜார் 2019-லேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. அதை ஒட்டி வளர்ந்த இந்த அத்தோ தெருவையும் சேர்த்துப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

சுத்தம் இல்லையே என்பார்கள். நானும் அதைப் பார்க்கிறேன். ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு இரவு முழுக்கத் தட்டு கழுவினால் சுத்தம் எங்கிருந்து வரும்? தெருவுக்கு இரண்டு குழாய், கழிவுநீர் போக ஒரு வழி, முறையான மின் இணைப்பு, பெண்கள் போக ஒரு கழிப்பறை. இதைச் செய்துவிட்டு அப்புறம் சுத்தத்தைப் பற்றி அவர்களிடம் பேசலாம். வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஏதாவது ஒரு ஃபுட் கோர்ட்டில் வைத்தால் வாடகை தாங்காது. பக்கத்துக் கடைகளில் மூட்டை தூக்கிவிட்டு வருகிற பையன்களும், கடைசி ரயிலுக்கு ஓடுகிறவர்களும் அங்கே வந்து சாப்பிடவும் மாட்டார்கள். நாங்கள் நின்ற வண்டியில் எங்களைத் தவிர எல்லாரும் அப்படிப்பட்டவர்கள்தான்.

கிளம்பும்போது அவள் ஊருக்குக் கொண்டுபோகப் பேஜோ கேட்டாள். அக்கா இரண்டு பொட்டலம் கட்டி, காற்றுப் படாமல் வைக்கச் சொன்னார். காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால், "சூப்பு இன்னும் கொஞ்சம் குடிச்சிட்டுப் போம்மா, பொண்ணு மெலிஞ்சிருக்கு" என்று அவளுடைய கிண்ணத்தை வாங்கி மறுபடியும் நிரப்பினார்.