‘போல’ இல்லாவிட்டால் உருவகம் என்பது சரியல்ல

"‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம், பிள்ளைகளுக்கு இது போதும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தமிழுக்கு அது பொருந்தாது. மலர்முகம் என்பதில் ‘போல’ இல்லை. ஆனால் மலர் போன்ற முகம் என்று விரிவதால் அது உவமைத்தொகை, அதாவது ‘போன்ற’ மறைந்து நிற்கும் உவமை. முகமலர் என்று திருப்பினால்தான் முகமாகிய மலர், அதாவது உருவகம்.

மயிலாப்பூரில் என் அக்கா மகள் நான்காம் வகுப்பு. கயல்விழியை உருவகம் என்று எழுதியிருந்தாள், இதே விதியை நம்பித்தான். ஒரு மீனையும் பக்கத்தில் கண்ணையும் வரையச் சொன்னேன். "மீன் மாதிரி கண்" என்றாள். சரி, விழிக்கயல் என்றால்? கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். அப்புறம் கண்ணுக்கு வாலும் துடுப்பும் வரைந்து, "இப்போ கண்ணே மீன் ஆயிடுச்சு!" என்றாள். இலக்கணப் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.