கால்வாய்ப் படகுகளும் இல்லாத வரிசையும்

பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரித்தானியாவுக்குத் தஞ்சம் தேடி வருவோரைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிறுபடகுகளில் வருவோர் வரிசையைத் தாண்டி வருகிறார்கள், முறையான வழியில் விண்ணப்பித்திருக்கலாமே என்று அதன் கட்டுரையாளர் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரித்தானியாவில் தஞ்சம் கோர விரும்புபவர் அந்த மண்ணில் கால் வைத்த பிறகே கோர முடியும். அதற்கென்று வெளிநாட்டிலிருந்து பெறக்கூடிய விசா எதுவும் கிடையாது. உக்ரைனியருக்கும் ஹாங்காங் மக்களுக்கும் தனித் திட்டம் வகுத்த அரசு, சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் உயிர் தப்பி வருவோருக்கு அப்படி எதையும் வகுக்கவில்லை.

அச்சுறுத்தித் தடுக்கலாம் என்ற எண்ணமும் பலிக்கவில்லை. தஞ்சம் கோரி வருவோரை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில்தான் 45,000-க்கும் அதிகமானோர் கால்வாயைக் கடந்தார்கள். 2023 நவம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தைச் சட்டவிரோதம் என்றது. ஒருவரைக்கூட வலுக்கட்டாயமாக அனுப்பாமலே 2024 ஜூலையில் அது கைவிடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபோது, முதலில் நுழைந்த நாட்டுக்கே திருப்பியனுப்ப உதவிய டப்ளின் ஏற்பாட்டையும் பிரித்தானியா இழந்தது என்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை.

தஞ்சம் கோருவோரை விடுதிகளில் தங்கவைக்க ஆகும் செலவைப் பற்றி உள்ளூர் மக்கள் கொள்ளும் கோபத்தை நான் இனவெறி என்று ஒதுக்க மாட்டேன். விண்ணப்பங்களை விரைந்து தீர்க்காத நிர்வாகமே அதற்குப் பொறுப்பு. ஆனால் 2021 நவம்பர் 24 அன்று காற்றடைத்த படகொன்று மூழ்கத் தொடங்கியபோது, அதிலிருந்தவர்கள் கைபேசியில் இரு நாட்டு மீட்புப் பிரிவினரையும் அழைத்து மன்றாடினார்கள்; நீங்கள் இருப்பது ஆங்கிலேயக் கடற்பரப்பு என்று பிரெஞ்சுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. குறைந்தது 27 பேர் இறந்தார்கள், இருவரே பிழைத்தார்கள். பிரான்சின் கரையிலேயே விண்ணப்பத்தைப் பெற்று விசாரிக்கும் அலுவலகம் இருந்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் அந்தப் படகில் ஏறியிருப்பார்கள்?