நம் ஆஸ்பத்திரிக் கிருமியின் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டாமா?

போன மாதம் வார்டிலிருந்து எங்கள் லேபுக்கு வந்த ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாட்டிலைக் கையில் எடுத்ததுமே மனசு சோர்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். இதில் 3 மில்லி இருந்தால் அதிகம். சீட்டைப் பார்த்தால் ரத்தம் எடுக்கும் முன்பே, காலையிலேயே செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாகிவிட்டது. 5 நாள் மெஷினில் வைத்தும் ஒன்றும் வளரவில்லை. 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவின் ரத்தத்தில் கிருமியே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அது என்ன கிருமி என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக் கோட்டைவிட்டோம்.

ரத்தத்தில் தொற்று ஏறி பிரஷர் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும். எந்த மருந்து கேட்கும் என்று லேப் சொல்ல 2, 3 நாள் ஆகும். ஆக, முதல் ஊசி எப்போதும் ஊகம்தான். அந்த ஊகத்தை எதை வைத்துச் செய்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2013-இல் தொடங்கிய, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கான கண்காணிப்பு வலையமைப்பு வருடாவருடம் அறிக்கை தருகிறது. மதிப்புள்ள வேலை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு. நாலு இடம் பார்த்து, பல மருந்து ஏறியபிறகு அங்கே வந்து சேர்ந்தவர்கள் அதில் நிறைய. அதை அப்படியே தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால், சிறுநீர்த் தொற்று முற்றி வீட்டிலிருந்து நேராக வந்தவருக்கும் கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டிய மெரோபெனம்தான் என்றாகிவிடும். அதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா கிருமியை ஐசியூக்களில் நாமே வளர்த்துவிடுவோம்.

அதனால்தான் சொந்த ஆன்டிபயோகிராம் வேண்டும் என்கிறேன். ஒரு வருடக் கல்ச்சர் முடிவுகளைத் தொகுத்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு நூற்றுக்கு எத்தனை தடவை கட்டுப்படுகிறது என்று போடும் அட்டவணை அது. ஒரே நோயாளியிடம் பத்து முறை வளர்ந்த கிருமியைப் பத்தாக எண்ணக் கூடாது, முதல் தடவையை மட்டும்தான் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். ஐசியூவை வார்டோடு கலக்கக் கூடாது. ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது தேறாவிட்டால் சதவீதத்தை நம்ப முடியாது. சின்ன ஆஸ்பத்திரியில் 30 எங்கே தேறும் என்பீர்கள். சரி, மாவட்டத்துக்குள் நாலைந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து போடட்டுமே. பக்கத்துக் கேரளாவில் 2018-இல் மாநிலச் செயல்திட்டம் தொடங்கி, மாநில அளவில் ஆன்டிபயோகிராமே வெளியிடுகிறார்கள். நம்மாலும் முடியும்.

இந்த வருட அட்டவணையை அச்செடுத்து டியூட்டி டாக்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நானே வைத்துவிட்டு வந்தேன். நேற்று இரவு ஒரு ஜூனியர் டாக்டர் போன் செய்தார்.

"மேடம், சிறுநீர்த் தொற்று, குளிர் காய்ச்சலோட வீட்டிலிருந்து வந்திருக்கார். கிட்னி நல்லா இருக்கு. அட்டவணையில இ.கோலைக்கு அமிகாசின் நல்லாக் கேக்குதே, அதையே ஆரம்பிக்கட்டுமா?"

"ஆரம்பிங்க. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா?"

"ரெண்டு கையிலயும் எடுத்தாச்சு மேடம். பாட்டில் கீழே வந்துட்டிருக்கு."