பூதங்கள் கட்டிய சுவர்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதை நடக்கும் உலகத்துக்கு ‘மிடில் எர்த்’ என்று பெயர். அந்தப் பெயரே அதை எழுதிய டோல்கீனின் சொந்தக் கற்பனை என்று நண்பர் ஒருவர் டீக்கடையில் அடித்துச் சொன்னார். டீ ஆறிவிடும் என்று அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

பழைய ஆங்கிலத்தில் அது ‘மிட்டன்யர்ட்’. மனிதர்கள் வாழும் இந்த உலகத்துக்கு, அந்த மொழியைப் பேசிய ஆங்கிலோ-சாக்சன்கள் வைத்திருந்த பெயர். டோல்கீனுக்குச் சோறு போட்டதே அந்த மொழிதான். 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராக இருந்தவர். கதையில் வரும் மந்திரவாதி காண்டால்ஃபின் பெயரும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவிய) கவிதையான ‘வோலுஸ்பா’வில் வரும் குள்ளர்களின் பட்டியலில் இருக்கிறது.

பழைய ஆங்கிலக் காவியமான ‘பெயோவுல்ஃப்’ 3182 வரிகள். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி, அதுவும் 1731 தீ விபத்தில் ஓரம் கருகியது. அதன் 112-ஆம் வரியில் ராட்சசர், எல்ஃப் என்ற மாய இனம், ஓர்க் என்ற பெயர் ஒளிந்திருக்கும் ‘ஓர்க்நேயஸ்’ மூவரும் வரிசையாக வருகிறார்கள். மூவருமே பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனின் வம்சம்! ஆமாம், எல்ஃபும்தான். அவர்களை அழகர்களாகவும் அறிவாளிகளாகவும் தூக்கி நிறுத்தியவர் டோல்கீன். அவர் கதையில் கொடிய படையாக வரும் ஓர்க்குகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘என்ட்’ என்ற சொல். பூதம் என்று பொருள். ரோமானியர் பிரிட்டனை விட்டுப் போனது 410 வாக்கில். அவர்கள் விட்டுப்போன கல் கட்டடங்களைப் பார்த்த ஆங்கிலோ-சாக்சன்களோ வீட்டை மரத்தில் கட்டிப் பழகியவர்கள். சில நூற்றாண்டுகள் கழித்து ஒரு கவிஞன் இடிந்த நகரம் ஒன்றின் முன் நிற்கிறான். அது பாத் நகரம் என்பது பலருடைய கணிப்பு. கூரை சரிந்து கிடக்கிறது, சுண்ணாம்புச் சாந்தின் மேல் உறைபனி. இதை மனிதன் கட்டியிருப்பானா? ‘என்ட்டா யெவேயோர்க்’ என்கிறான், பூதங்களின் வேலை. அந்தக் கவிதை இருக்கும் எக்ஸிட்டர் ஏட்டிலும் தீப்பட்டு, பாட்டின் பல வரிகள் போய்விட்டன. இந்த ஒரு சொல்லை எடுத்துத்தான் டோல்கீன் நடக்கும் மரங்களுக்குப் பெயர் வைத்தார்.

டோல்கீன் கதையில் வரும் ரோஹன் நாட்டுக்காரர்கள் பேச்சிலும் பெயரிலும் அசல் ஆங்கிலோ-சாக்சன்கள். அவர்கள் அரசன் பெயர் தியோடன். பழைய ஆங்கிலத்தில் ‘தியோடன்’ என்றாலே அரசன்தான், ஆக ‘தியோடன் ராஜா’ என்பது ‘ராஜா ராஜா’! குதிரைப்படை மட்டும் டோல்கீன் கொடுத்த சீதனம். 1066-இல் நார்மன்களோடு நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேயப் படை தரையில் நின்றுதான் சண்டை போட்டது.

இப்போது வரும் பல ஃபேன்டசி நாவல்கள் எனக்கு அலுப்பூட்டுவது இதனால்தான். கூர்காது எல்ஃப், பச்சை ஓர்க், பொக்கிஷத்தின் மேல் படுத்த டிராகன் எல்லாம் ரெடிமேடாக வந்து இறங்குகின்றன. டோல்கீனிடம் கடன் வாங்குகிறார்கள், அது தப்பில்லை. அவர் எந்தக் கடையில் வாங்கினார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். உறைபனி படிந்த சுவரைப் பார்த்து வாய் பிளந்து நின்றவனின் திகைப்பு அவர்கள் கதையில் எங்கே?

நண்பர் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார். வரட்டும், அடுத்த டீ என் கணக்கு.